மிஸ்ஸி படிப்புக்கு வாசல் படிவம் நான்கில் இருக்கிறது

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் வந்த ஒரு தகப்பனாரின் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் போதவில்லை, போதவில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் நர்ஸிங் படிக்க ஆசைப்பட்ட என் மகளை இரண்டு கல்லூரிகளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள், இது என்ன நியாயம் என்று கேட்டிருந்தார். நமக்கு எங்கேயும் கதவு திறக்காது என்று முடித்திருந்தார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது, ஐயா. ஆனால் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார், கணக்கில் மட்டும் டி, மற்றதெல்லாம் நல்ல தேர்ச்சிதான் என்று. அவர் மகளுக்குக் கதவு மூடியது அந்த வரியில்தான். அது பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்பிஎம் முடிவு வந்த அன்று மூடியதில்லை, அதற்கு இரண்டு வருஷம் முன்பே, படிவம் நான்கில், யாரும் பார்க்காத நேரத்தில் மூடியிருக்கிறது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கெடா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், அப்பா அம்மா இரண்டு பேருமே பால்மரம் சீவினவர்கள். தோட்டத்து டிரெஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர், எப்போதாவது டவுனிலிருந்து வெள்ளைச் சீருடையில் ஒரு மிஸ்ஸி வருவார், நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், அவர் வண்டியை விட்டு இறங்கும்போதே மற்ற பிள்ளைகள் ஊசிக்குப் பயந்து ஓடி ஒளிய, நான் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று அவர் இடுப்பு பெல்ட்டில் மின்னுகிற பக்கிளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். 1978-ல் பயிற்சிக்குச் சேர்ந்தேன், 1981-ல் வார்டுக்கு வந்தேன், 2018-ல் வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றேன். வீடு பட்டர்வர்த்தில், வேலை பினாங்குத் தீவில், அதனால் நைட் டியூட்டி முடிந்து காலையில் பெர்ரியில் உட்கார்ந்தபடியே தூங்கி, கரை வந்ததும் யாராவது தோளைத் தட்டி எழுப்பிய நாட்கள் கணக்கில்லை. ஓய்வுக்குப் பிறகு சில ஆண்டுகள் ஒரு தனியார் நர்ஸிங் கல்லூரியில் மாணவர் சேர்க்கை நேர்காணலில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் மேசையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

முதலில், நர்ஸிங் படிப்புக்குக் கேட்கிற ஐந்து கிரெடிட் விஷயம். நர்ஸிங் டிப்ளோமாவுக்குப் பல ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வந்த அளவு இதுதான்: எஸ்பிஎம்மில் ஐந்து பாடங்களில் கிரெடிட், அதில் மலாய் மொழி, கணிதம், ஏதாவது ஓர் அறிவியல் பாடம் ஆகிய மூன்றும் கட்டாயம், ஆங்கிலத்தில் குறைந்தது தேர்ச்சி. அறிவியல் என்றால் சாதாரண அறிவியலும் சேர்த்திதான், உயிரியல் எடுத்தால்தான் நர்ஸ் ஆகலாம் என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்பி எத்தனையோ பிள்ளைகள் விண்ணப்பமே போடாமல் விட்டிருக்கிறார்கள். மீதி இரண்டு கிரெடிட் வேறு எந்தப் பாடமாகவும் இருக்கலாம். ஆக, எஸ்பிஎம்மில் தமிழ்மொழி எடுத்து அதில் கிரெடிட் வாங்கினால் அதுவும் அந்த ஐந்தில் ஒன்று. தமிழ் எடுத்து என்ன பிரயோஜனம் என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். மூன்று கிரெடிட் போதும் என்று தளர்த்துகிற பேச்சும் உண்டு, இன்றைய விதி எது என்று கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள். பேச்சை நம்பிப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள், ஐந்துக்குத் தயார் செய்தால் எந்த விதி வந்தாலும் கவலை இல்லை.

இதில் பெற்றோர் அதிகம் ஏமாறுவது 'கிரெடிட்' என்ற ஒரு வார்த்தையில்தான். சி-யும் அதற்கு மேலும் கிரெடிட். டி-யும் இ-யும் வெறும் தேர்ச்சி. பிள்ளை பாஸ் என்று சொன்னதும் நாம் கிரெடிட் என்று எடுத்துக்கொள்கிறோம். நேர்காணலுக்கு வந்த ஓர் அம்மா சான்றிதழை என் முன்னால் விரித்து வைத்து, டி-யைத் தாங்கி நின்ற கட்டத்தில் விரலை வைத்து, "இது பாஸ்தானே சிஸ்டர்?" என்று கேட்டார். பாஸ்தான். ஆமாம் என்று சொன்னால் அவர் முகம் மலரும், அடுத்த வார்த்தை சொன்னால் வாடும், நான் எதை முதலில் சொல்ல? அந்தப் பெண் பிள்ளை வாயே திறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது, அம்மாவிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

கணக்கு எதற்கு, ஊசி போடத்தானே போகிறாள் என்று கேட்பார்கள். கணக்கு வராத பிள்ளை, அதனால் நர்ஸிங்குக்குப் போகட்டும் என்று நம் வீடுகளில் சொல்வதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன், அதைவிடத் தலைகீழான பேச்சு வேறில்லை. டாக்டர் 350 மில்லிகிராம் மருந்து கொடு என்று எழுதுகிறார், உங்கள் கையில் இருக்கும் குப்பியில் 2 மில்லிலிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது, சிரிஞ்சில் எந்தக் கோடு வரை இழுப்பீர்கள்? 1.4. இதை இரவு மூன்று மணிக்கு, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது, தப்பில்லாமல் போட வேண்டும். இன்னொன்று டிரிப் கணக்கு. ஒரு லிட்டர் சலைன், எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், அந்தக் குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு, அப்படியென்றால் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? விடையை நான் சொல்லவில்லை. வீட்டில் படிவம் ஐந்து படிக்கிற பிள்ளை இருந்தால் போடச் சொல்லுங்கள். இப்போது மெஷின் வந்துவிட்டது, எண்ணைத் தட்டினால் அதுவே பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். எண்ணைத் தட்டுவது யார்?

சரி, நம் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏன் படிவம் நான்கில் படுத்துக்கொள்கிறது? நான் ஆசிரியை இல்லை, பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் பின்னம், தசமம், விழுக்காடு என்று தமிழில் கணக்குப் படித்துவிட்டு, நன்றாகவே படித்துவிட்டு, இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அதே பின்னம் பெச்சாஹான் ஆகிவிடுகிறது. கணக்குத் தெரியும், கேள்வி புரியவில்லை. மலாய் பலவீனம் என்று ரிமூவ் கிளாஸில் ஒரு வருஷம் உட்கார்ந்து வந்த பிள்ளைக்கு இன்னும் கூச்சம். படிவம் ஒன்றில் கை தூக்கிக் கேட்கத் தயங்கியது படிவம் மூன்றில் பழக்கமாகி, படிவம் நான்கில் 'எனக்குக் கணக்கே வராது' என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். இப்போது ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆரும் இல்லை, படிவம் மூன்றில் எழுதிய பிடி3-யும் இல்லை, அந்தப் பரீட்சைகளை எடுத்தது நல்லதா கெட்டதா என்று நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் முன்பெல்லாம் படிவம் மூன்று ரிசல்ட்டைப் பார்த்து அப்பா அம்மாவுக்கு ஒரு அதிர்ச்சியாவது வரும், டியூஷனுக்காவது அனுப்புவார்கள். அவை போன பிறகு பல பிள்ளைகளுக்கு முதல் பெரிய பொதுப் பரீட்சையே எஸ்பிஎம்தான் என்றாகிவிட்டது. அதிர்ச்சி அப்போது வந்து யாருக்கு லாபம்?

இனி நான் சொல்லப் போவது என் சொந்த வீட்டுக் கதை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் அண்ணன் மகள். சின்னப் பிள்ளையிலிருந்து என் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பவள், தாத்தாவுக்கு பிரஷர் பார்க்கிறேன் என்று என் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு ஓடுபவள். எஸ்பிஎம்மில் மற்ற பாடங்களில் கிரெடிட் வாங்கிவிட்டாள், கணக்கில் டி. என்னிடம் சொல்லவில்லை. அத்தை திட்டும் என்று பயம். ரிசல்ட் வந்த அடுத்த வாரமே ஒரு ஷாப்பிங் மாலில் கல்விக் கண்காட்சி, அண்ணனும் அண்ணியும் அவளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே தமிழிலேயே பேசுகிற, "அங்கிள், ஆன்ட்டி" என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஒரு பையன். கணக்கில் டி-யா, கவலைப்படாதீங்க அங்கிள், எங்ககிட்ட ஹெல்த்கேர் கோர்ஸ் இருக்கு, அதுவும் நர்ஸிங் மாதிரிதான், லேப்டாப் ஃப்ரீ, முடிச்சதும் வேலை கேரன்டி. இன்றைக்கே பதிந்தால் பதிவுக் கட்டணம் பாதி. அண்ணன் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எனக்குச் செய்தி வந்தது குடும்ப வாட்சப் குரூப்பில். வெள்ளைச் சீருடையில் நிற்கிறாள், கையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சில் தலைகீழாகத் தொங்குகிற நர்ஸ் வாட்ச் வேறு. எல்லாரும் இதயம் இதயமாகத் தட்டிவிட்டிருக்கிறார்கள், நானும் 'என் வாரிசு' என்று எழுதினேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவளிடம் சர்க்கரைப் பொங்கலைப் பரிமாறிக்கொண்டே, எல்லா நர்ஸையும் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டேன், லெம்பாகா பரீட்சை எப்போம்மா என்று. ஸ்பூன் நின்றுவிட்டது. "என்ன பரீட்சை அத்தை?" என்றாள்.

வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டில் நர்ஸ் என்று பதிவு செய்வது லெம்பாகா ஜுருராவாட் மலேசியா, அதாவது மலேசியத் தாதியர் வாரியம். 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின் கீழ் இயங்குவது. வாரியம் ஒப்புதல் கொடுத்த டிப்ளோமா என்றால் மூன்று வருஷம், பட்டப்படிப்பு என்றால் நான்கு. அதை முடித்து, வாரியத்தின் பரீட்சையை எழுதித் தேறி, பெயரைப் பதிந்து, அப்புறம் ஒவ்வொரு வருஷமும் தொழில் செய்வதற்கான சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் நர்ஸ். வெள்ளைச் சட்டையும் நெஞ்சில் வாட்ச்சும் கடையில் கிடைக்கும். என் அண்ணன் மகள் படித்தது நோயாளிப் பராமரிப்பாளர் சான்றிதழ், அதை முடித்தால் அந்தப் பரீட்சைக்கு உட்காரவே முடியாது. முடித்து வேலைக்குப் போன இடங்களிலெல்லாம், கேர் அசிஸ்டன்டாக எடுத்துக்கொள்கிறோம், நர்ஸாக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பராமரிப்பாளர் வேலையை நான் மட்டமாகப் பேசவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடப்பவரைப் புரட்டிப் போட்டு, முதுகு துடைத்து, கஞ்சி ஊட்டுகிற கை இல்லாவிட்டால் எந்த வார்டும் ஓடாது. அதற்கென்று சேர்ந்து படித்தால் அது கௌரவமான தொழில். என் கோபமெல்லாம் அதை நர்ஸிங் என்று சொல்லி விற்றதில்தான். அப்புறம் என் மேலேயும் கோபம். 37 வருஷம் வார்டில் இருந்த அத்தை, சீருடைப் படத்தைப் பார்த்துவிட்டு எந்தக் கல்லூரி, என்ன கோர்ஸ் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

ஆக, பதிவுப் பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதை முடித்தால் என் பிள்ளை லெம்பாகா பரீட்சை எழுத முடியுமா? முடியும் என்று வாயால் சொன்னால் போதாது. வாரியத்தின் ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். படிப்புகளின் தரத்தைப் பார்க்கிற அரசாங்க அமைப்பான எம்கியூஏ-வின் அங்கீகாரம் இருக்கிறதா என்று எம்கியூஏ-வின் இணையப் பதிவேட்டில் கோர்ஸ் பெயரைத் தட்டிப் பாருங்கள், அஞ்சு நிமிஷ வேலை. கோர்ஸ் பெயரில் நர்ஸிங் என்பதற்கான மலாய்ச் சொல் 'கெஜுருராவாத்தான்' இருக்கிறதா, அல்லது ஹெல்த், கேர், வெல்னஸ் என்று பூசி மெழுகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்றைக்கே பதிந்தால் பாதி விலை என்றால், ஐயா, அது மீன் மார்க்கெட்டில் சாயங்காலம் சொல்கிற பேச்சு.

வேலை கேரன்டி என்கிற பேச்சையும் நான் இரண்டு காலத்தில் கேட்டுவிட்டேன். 2010 வாக்கில் தனியார் நர்ஸிங் கல்லூரிகள் புற்றீசல் மாதிரி முளைத்தன, அப்போதும் இதே கேரன்டிதான். முடித்து வந்த பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல், தலையில் பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனோடு நின்றார்கள், சூப்பர் மார்க்கெட் கல்லாவில் நர்ஸிங் டிப்ளோமாக்காரிகளை நானே பார்த்திருக்கிறேன். இப்போது நிலைமை அப்படியே மாறிவிட்டது, நர்ஸ் போதவில்லை, கொஞ்சம் அனுபவம் வந்ததும் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போய்விடுகிறார்கள், போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அங்கே கிடைப்பதை நம் மலேசிய வெள்ளியாக மாற்றிப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் இன்றைக்குச் சேர்கிற பிள்ளை வெளியே வர மூன்று வருஷம் ஆகும். அன்றைக்கு நிலைமை எப்படி இருக்கும் என்று மாலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு எப்படித் தெரியும்?

பணம் கட்ட முடியாத வீடுகளுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது, அதுதான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது. சுகாதார அமைச்சுக்கே சொந்தப் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன, பினாங்கிலும் ஒன்று உண்டு. அதற்கு விண்ணப்பம் பொதுச் சேவை ஆணையம் வழி, நாம் எஸ்பிஏ என்போமே, அதன் இணையத்தளத்தில். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிற யூபியு-வோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள், யூபியு-வில் போட்டாச்சு, எல்லாம் போட்டாச்சு என்று இருந்துவிடுகிறார்கள். எஸ்பிஏ விளம்பரம் வந்தால் கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும், அது எப்போது வரும் என்று வாரம் ஒருமுறை பிள்ளை உள்ளே போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். போட்டி கடுமைதான், இடம் குறைவுதான், அந்தத் தகப்பனார் சொன்ன ஆதங்கத்தில் இந்த இடத்தில் எனக்கும் பங்கு உண்டு, நம் பிள்ளைகள் எத்தனை பேர் எடுக்கப்படுகிறார்கள் என்று நம் தலைவர்கள் கேட்டுச் சொன்னால் நல்லது. ஆனால் விண்ணப்பமே போடாமல் கிடைக்கவில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

அடுத்தது தனியார் ஆஸ்பத்திரிகள் நடத்துகிற கல்லூரிகள். பினாங்கில் அட்வென்டிஸ்ட், லாம் வா ஈ, பெட்டாலிங் ஜெயாவில் அசுந்தா ஆஸ்பத்திரியோடு சேர்ந்த துன் டான் செங் லோக் கல்லூரி என்று பெயர் சொல்லக்கூடியவை இருக்கின்றன. பொதுவாகவே இந்தத் துறையில் ஆஸ்பத்திரிகள் படிப்புச் செலவை ஏற்று, மாதம் கைச்செலவுக்கும் கொடுத்து, முடித்ததும் தங்களிடம் சில வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்குகிற வழக்கம் உண்டு. நல்ல ஏற்பாடு. பாண்டை மட்டும் படித்துப் பாருங்கள். எத்தனை வருஷம், இடையில் நின்றால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், லெம்பாகா பரீட்சையில் முதல் தடவை தேறாவிட்டால் என்ன செய்வார்கள், கேரன்டராகக் கையெழுத்துப் போடுகிற சித்தப்பாவின் தலையில் என்ன விழும். பத்து பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், புரியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புரிந்தவரிடம் காட்டுங்கள், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அந்த இடமே வேண்டாம். கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்றால் பிடிபிடிஎன் இருக்கிறது, அதற்கு முதலில் எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும், கடன் பிள்ளையின் பெயரில்தான் விழும் என்பதைப் பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்.

நேர்காணலைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏன் நர்ஸ் ஆக வேண்டும் என்று கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர், மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பார்கள், ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து, மூச்சு விடாமல். தப்பில்லை, ஆனால் எங்கள் பேனா அசையாது. நிபோங் திபால் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், ஆங்கிலம் தடுமாறியது, மலாயில் சொல்லலாமா என்று அனுமதி கேட்டாள். தாத்தாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, காலில் புண், கிளினிக்கில் மிஸ்ஸி கட்டுப் போடுவதை மூன்று தடவை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, நாலாவது தடவை, உள்ளேயிருந்து வெளியேதான் துடைக்க வேண்டுமா, ஒரு பஞ்சை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாதா என்று தானாகவே அந்த மிஸ்ஸியிடம் கேட்டிருக்கிறாள். வாடை வரவில்லையா என்று என் பக்கத்தில் இருந்த டியூட்டர் கேட்டார். வந்தது, அதனால்தான் புண் மோசமாகிறது என்று தெரிந்து அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம் என்றாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை, அவரவர் தாளில் எழுதிவிட்டோம். அவள் கணக்கில் சி-தான். சி போதும்.

இந்தப் புண்ணைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது. 2019-ல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. அதாவது நம்மில் மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டில் கால் எடுக்க வேண்டிய நிலைமையில் வந்து படுக்கிற நம் ஆட்களிடம், அந்தத் தாளில் எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். என் காலத்தில் மற்ற வார்டிலிருந்தெல்லாம் போன் வரும், சிஸ்டர் கொஞ்சம் வந்து பேசுங்கள், பாட்டி சாப்பிட மாட்டேன் என்கிறார் என்று. போனால் பாட்டிக்கு சாப்பாடு பிரச்சினையே இல்லை, அன்றைக்குக் கார்த்திகை, விரதம், அதைச் சொல்ல மொழி இல்லாமல் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இன்சுலின் ஊசி போட்ட உடம்போடு விரதம் இருந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும் என்று நான் சொன்ன பிறகுதான் ஒரு டம்ளர் மைலோ குடித்தார்.

நைட் டியூட்டி பார்க்கிற பெண்ணை யார் கட்டுவான் என்று இன்னமும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பதில் எழுதித் தாளை வீணாக்க விரும்பவில்லை. பையன்களும் நர்ஸிங் படிக்கலாம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி லேசானது என்றும் யாரும் நினைக்க வேண்டாம். காலை ஏழு, மத்தியானம் ரெண்டு, ராத்திரி ஒன்பது என்று ஷிப்ட் மாறி மாறி வரும், முதல் வருஷத்திலேயே பெட்பேன் எடுக்க வேண்டும், இறந்தவர் உடம்பைத் துடைத்துக் கட்ட வேண்டும், அன்றைக்கு அழுதுவிட்டுப் பெட்டியைக் கட்டுகிற பிள்ளைகளும் உண்டு. நான் கட்டினேன், மேட்ரன் ஒரு கோப்பை கோப்பி வாங்கிக் கொடுத்து அவிழ்க்க வைத்தார்.

ஐயா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கம் விலை போடுகிறீர்கள், ராசிபலன் போடுகிறீர்கள். ஆண்டுத் தொடக்கத்தில் படிவம் நான்கு ஆரம்பிக்கிற வாரத்தில், எஸ்பிஎம் ரிசல்ட் வருகிற வாரத்தில் இல்லை, நர்ஸிங்குக்கு எந்தெந்தப் பாடத்தில் கிரெடிட் வேண்டும், டி என்றால் கிரெடிட் இல்லை, எஸ்பிஏ-வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போடுங்கள், வெட்டி எடுத்து ஐஸ்பெட்டியில் ஒட்டுகிற மாதிரி. அதை எழுதிக் கொடுக்க நான் தயார், காசு வேண்டாம். அந்தத் தகப்பனாருக்கும் சொல்லுங்கள், அவர் மகளுக்கு எல்லாம் முடிந்துவிடவில்லை, தனியார் பரீட்சார்த்தியாகக் கணக்கு ஒன்றை மட்டும் திரும்ப எழுதலாம், மற்ற கிரெடிட் எங்கேயும் போகாது.

என் அண்ணன் மகளும் அதைத்தான் செய்கிறாள். பகலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை, சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணக்கு. போன வாரம் மேலே சொன்ன டிரிப் கணக்கைக் கொடுத்தேன். இருபதாயிரத்தை நானூற்று எண்பதால் வகுத்து 41.66 என்று எழுதிவிட்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டே ரொம்ப நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கேட்டாள், "அத்தை, பாயின்ட் 66 சொட்டு எப்படி விழும்?"

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வார்டு சிஸ்டர்,
பட்டர்வர்த், பினாங்கு